தலை அரிப்பும் தயா தருமமும்

உயிர் அறம் செய்தற்குக் கிடைத்த கருவி உடல். கருவியைப் பேணாதவன் தொழிலைச் செவ்வனே செய்ய இயலாது. பெருநோய் வந்தால் மருத்துவரை நாடி விரையும் நாம், சிறுநோய்களை மட்டும் பொருட்படுத்துவதில்லை. அத்தகைய சிறுநோய்களுள் ஒன்று தலை அரிப்பு. சிறியதே ஆயினும் அது குழந்தையின் உறக்கத்தைக் கெடுக்கும். மாணவரின் கருத்தைச் சிதைக்கும். சாமாயிகத்தில் அமர்ந்த பெரியோரின் கையைத் தலைக்கு இழுக்கும்.

நம் குடும்பங்களில் இச்சிறு நோய்க்கு மற்றொரு முகமும் உண்டு. அரிப்புக்குக் காரணம் பேன் என்று தெரிந்தவுடன், அதனைக் களைவது ஹிம்சை ஆகுமே என்று தாய்மார் சிலர் தயங்குகின்றனர். வேறு சிலர் வேறு வழியில்லை என்று எண்ணி, கண்ட மருந்தையெல்லாம் குழந்தையின் தலையில் பூசுகின்றனர். முன்னது தயக்கம், பின்னது அவசரம். இரண்டாலும் துன்புறுவது குழந்தையே. ஆகவே தலை அரிப்பின் காரணங்களையும், அதனைத் தணிக்கும் முறைகளையும், அவற்றுள் நம் விரதத்திற்கு ஏற்றது எது என்பதையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

காரணம் அறிதல்

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோய் இன்னது என்று தெளிந்து, அது தோன்றிய காரணத்தையும் தெளிந்த பின்னரே அதனைத் தணிக்கும் வழியை நாட வேண்டும் என்று கற்பிக்கிறது. தலை அரிப்புக்கு இவ்விதி முற்றும் பொருந்தும். அரிப்பு என்பது நோயன்று, நோயின் அறிகுறி. ஒரே அரிப்பைப் பொடுகும் தரும், பேனும் தரும், தோல் வறட்சியும், படையும், தலைச்சாயமும் தரும். பொடுகுக்கு உரிய மருந்தால் பேன் நீங்காது. பேனுக்கு உரிய மருந்து வறண்ட தோலை மேலும் புண்படுத்தும்.

ஆதலின் முதலிற் செய்யத்தக்கது பார்த்தலே. பகல் வெளிச்சத்தில், மடியில் வெள்ளைத் துணி விரித்து, மயிரை வகிர்ந்து வகிர்ந்து நோக்க வேண்டும். காதுகளின் பின்புறமும் பிடரியும் சிறப்பாகக் காணத்தக்க இடங்கள். மயிரில் வெண்மையாக ஒன்று தென்பட்டால் அதனை விரலால் மெல்லத் தள்ளுக. எளிதில் நகர்ந்து உதிர்ந்தால் அது பொடுகு. நகராமல் மயிர்த்தண்டின் ஒருபுறத்தில் பசையிட்டாற்போல் ஒட்டியிருந்தால் அது ஈர். பல வீடுகளில் மாதக்கணக்காக நடக்கும் தவறான வைத்தியத்தை இவ்வொரு சோதனையே தடுத்துவிடும்.

பொடுகு

பெரியவர்களின் தலை அரிப்புக்குப் பெரும்பாலும் காரணமாவது பொடுகு. மலசீசியா என்னும் பூஞ்சை எல்லார் தலையிலும் இயல்பாகவே வாழ்வது. தோல் சுரக்கும் எண்ணெய்ப் பசையே அதன் உணவு. அவ்வெண்ணெயை அது சிதைக்கும்போது எஞ்சும் அமிலங்கள் சிலருடைய தோலை உறுத்துகின்றன. உறுத்தப்பட்ட தோல் வழக்கத்தினும் விரைவாகப் புதுப்பித்துக்கொள்ள முயல்கிறது. இயல்பாக ஏறத்தாழ ஒரு மாத காலத்தில் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உதிர வேண்டிய மேல்தோல், விரைந்து திரண்டு செதில் செதிலாக உதிர்கிறது. இதுவே பொடுகு. சிலருக்குப் புருவம், மூக்கின் ஓரம், காதின் பின்புறம் ஆகிய இடங்களிலும் சிவந்து செதிலுரியும்.

பொடுகு அழுக்கால் மட்டும் வருவதன்று. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் அன்று. மன உளைச்சலும் உறக்கக் குறைவும் அதனை மிகுவிக்கும். முற்றிலும் ஒழித்துவிடலாம் என்று கூறும் விளம்பரங்களை நம்ப வேண்டா. அடக்கி வைக்கலாம் என்பதே உண்மை. கீட்டோகோனசோல் 2 சதவீதம் கலந்த ஷாம்பூ, செலினியம் சல்பைடு கலந்த ஷாம்பூ, துத்தநாக பைரிதியோன் கலந்த ஷாம்பூ ஆகியவை மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. கீட்டோகோனசோலை வாரம் இருமுறை வீதம் இரண்டு முதல் நான்கு வாரங்கள் பயன்படுத்துவது வழக்கம். தலையில் தேய்த்தவுடன் கழுவிவிடாமல் மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் வரை ஊறவிடுதல் வேண்டும். மருந்து வேலை செய்யவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வோர் பலர் இந்தச் சில நிமிடங்களைத் தராதவர்களே. பொடுகு அடங்கிய பின்னரும் வாரத்துக்கு ஒருமுறையோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ பயன்படுத்தினால் அது மீளாது காக்கலாம்.

பச்சிளங்குழந்தையின் உச்சந்தலையில் மஞ்சள் நிறப் பொருக்குப் படிவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. அது சில மாதங்களில் தானே நீங்கும். சிறிது எண்ணெய் தடவி இளக்கி, மெல்லக் கழுவினால் போதும். நகத்தால் பெயர்த்தெடுத்தல் கூடாது.

எண்ணெய் முழுக்கு

தலை அரித்தால் எண்ணெய் வைக்கவில்லை என்பது நம் வீட்டுப் பெரியோரின் முதற்சொல். வறண்ட தோலுக்கு அது பொருந்தும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரும், கொதிக்கும் வெந்நீரும், நாள்தோறும் போடும் சோப்பும் தோலின் இயற்கைப் பசையை நீக்கி அரிப்பை உண்டாக்கும். முதியோருக்கு இது மிகுதி. அவர்களுக்குச் சிறிது தேங்காயெண்ணெயும் இளஞ்சூடான நீரும் நற்பயன் தரும்.

பொடுகுள்ள தலைக்கோ, நாள்தோறும் எண்ணெய் தடவி அப்படியே விட்டுவைத்தல் பூஞ்சைக்கு உணவிடுவதாகும். அப்படியாயின் முன்னோரின் வழக்கம் தவறோ எனின், அன்று. சனிக்கிழமையில் ஆடவரும் வெள்ளிக்கிழமையில் பெண்டிரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டனர். தேய்த்த சிறிது நேரத்திற்குள் சீயக்காயோ அரப்போ இட்டு அதனை முற்றும் களைந்தனர். எண்ணெய் முழுக்கில் எண்ணெய் மட்டுமன்று, முழுக்கும் உண்டு. இன்று நாம் முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டோம்.

சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை தரும் சபோனின் என்னும் பொருள் இருப்பதால் அவை எண்ணெயையும் அழுக்கையும் பிரித்தெடுக்கின்றன. பொடுகுக்குப் பொடுதலை இலைச்சாற்றுத் தைலம் சித்த மருத்துவத்தில் வழங்குகிறது. ஊறவைத்து அரைத்த வெந்தயம் தலைக்குக் குளிர்ச்சி தந்து எரிச்சலைத் தணிக்கும். இவற்றுள் எதனைப் பூசினாலும் நன்கு அலசுதல் வேண்டும். தலையில் தங்கிவிட்ட பொடியே அரிப்புக்குக் காரணமாதலும் உண்டு. ஈரத்தலையை இறுக முடிந்துகொள்ளுதலும் கூடாது.

பேனும் ஈரும்

பள்ளி செல்லும் பிள்ளைகளின் அரிப்புக்குப் பேனே முதற்காரணம் எனலாம். வளர்ந்த பேன் ஓர் எள்ளின் அளவினது. 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம் உடையது. அதற்குச் சிறகில்லை, தத்தவும் அறியாது. தலையோடு தலை பொருந்தும்போது ஊர்ந்து மற்றொரு தலைக்குச் செல்கிறது. சுத்தமான தலை, அழுக்கான தலை என்ற வேறுபாடு அதற்கு இல்லை. ஆதலின் பேன் வந்த பிள்ளையை இகழ்தலும், தோழியரினின்று விலக்கி வைத்தலும், தண்டனைபோல் தலையை மழித்தலும் அறமாகா.

பெண்பேன் சுமார் ஒரு மாதம் வாழும். நாளொன்றுக்கு எட்டு ஈர் வரை இடும். அவ்வாறு இருபது நாள் இட்டால் 160 ஈர் ஆகும். ஈர் பொரிய ஏழு முதல் பத்து நாள் ஆகும். பொரிந்த குஞ்சு மேலும் ஒன்பது முதல் பன்னிரண்டு நாளில் வளர்ந்து தானும் ஈரிடத் தொடங்கும். பேனின் உமிழ்நீர் தோலுக்கு ஒவ்வாமையால் அரிப்பு உண்டாகிறது. முதன்முறை பேன் ஏறியவருக்கு அவ்வொவ்வாமை தோன்ற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆதலும் உண்டு. ஆகவே, அரிப்பு வந்தபின் பார்ப்போம் என்றிருப்பது, அவை பெருகிய பின் பார்ப்போம் என்றிருப்பதே ஆகும்.

மூவறிவுயிரும் இல்லறத்தார் கடமையும்

புழு, எறும்பு, வண்டு, மனிதர் என்று பொறிகள் ஒவ்வொன்றாக மிகும் முறையைத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துரைக்கிறது. எறும்பைப் போலவே பேனும் ஊறு, சுவை, நாற்றம் என்னும் மூன்றறிவுடைய திரச உயிர். அதற்கும் வலியுண்டு, வாழ்வில் விருப்பமும் உண்டு. அனுவிரதம் பூண்ட இல்லறத்தார் அறிந்து கருதிச் செய்யும் சங்கல்ப ஹிம்சையை விலக்கக் கடமைப்பட்டவர்கள். எனவே, பேனை எடுத்து நகங்களுக்கிடையே வைத்து நசுக்கி மகிழ்வது நமக்கு ஆகாது. குழந்தைகளை அருகிருத்தி அதனை விளையாட்டுப்போல் செய்து காட்டுதல் அதனினும் தீது. பிற உயிரின் வலியைப் பொருட்படுத்தாத மனத்தை அங்கே நாம் கற்பிக்கிறோம்.

ஆயினும் ஒன்றும் செய்யாதிருத்தல் அகிம்சை ஆகுமோ? ஆகாது என்பதே எம் கருத்து. இன்று இரண்டு பேன் இருக்கும் தலையை அப்படியே விட்டால், அடுத்த மாதம் பல பேன் இருக்கும். அவை சொறியும் நகத்தில் சிக்கியும், பின்னர்ப் பூசும் மருந்தில் அழுந்தியும் இறக்கும். இரண்டைக் காக்க எண்ணிப் பலவற்றின் அழிவுக்குக் காரணமாவோம். அதற்குள் ஐந்தறிவும் மனமும் உடைய குழந்தையின் தலை புண்ணாகிச் சீழ் கொண்டிருக்கும். அத்துன்பத்தைப் பார்த்திருத்தலும் தயை அன்று.

நம் முனிவர்கள் காட்டும் வழி இங்கே கருதத்தக்கது. அவர்கள் இரண்டு முதல் நான்கு திங்களுக்கு ஒருமுறை கேசலோசம் செய்கின்றனர். அதாவது, தலைமயிரையும் தாடியையும் தம் கையாலேயே களைகின்றனர். இருபத்தெட்டு மூலகுணங்களுள் அஃது ஒன்று. பற்றின்மையும் பொறையும் அதன் பயன்களாகும். மயிர் நீண்டு சிக்குற்றால் அதில் பேன் முதலிய உயிர்கள் தோன்றும், பின்னர் அவற்றுக்குத் துன்பம் நேரும் என்பதும் அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. உயிர் தோன்றிய பின் என் செய்வது என்று கலங்குவதன்று, தோன்றுதற்கு இடமளியாமையே அவர்கள் காட்டும் நெறி. கேசலோசம் துறவியர்க்கு உரியது. அதன் உட்பொருள் இல்லறத்தார்க்கும் உரியது. வாரந்தோறும் தலை பார்த்து, பேன் பெருகுமுன் தடுத்தலே நமக்கு இயன்ற அகிம்சை.

சீப்பு முறை

நஞ்சின்றிப் பேனை நீக்கும் முறை ஈரத்தலையைப் பேன் சீப்பால் வாருதலே. நனைந்த மயிரில் பேன் விரைந்து ஓடாது. ஆதலின் தலையை நனைத்து அலசி, தேங்காயெண்ணெயோ கண்டிஷனரோ தாராளமாகத் தடவுக. அகன்ற பல் சீப்பால் முதலில் சிக்கு நீக்குக. பின்பு மயிரைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, பேன் சீப்பைத் தோலில் படியும்படி வைத்து நுனி வரை வாருக. ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்க வேண்டும். நீண்ட கூந்தலுக்கு அரைமணிக்கு மேலும் ஆகலாம், பொறுமை வேண்டும். முடிவில் எண்ணெயைக் கழுவி விடுக.

ஒருமுறை வாரினால் போதாது. முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள் என நான்கு முறை வாரி, பதினேழாம் நாள் மீண்டும் பார்க்க வேண்டும். சீப்புக்கு அகப்படாத ஈர்கள் பத்து நாளுக்குள் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சுகள் வளர்ந்து ஈரிடுமுன் நான்கு நாளுக்கு ஒருமுறை சீப்பு அவற்றை நீக்கிவிடுவதால், புதிய தலைமுறை தோன்றுவதில்லை. இடையில் ஒருமுறை தவறினாலும் தொடக்கத்திலிருந்து மீண்டும் செய்ய நேரும். வீட்டிலுள்ள அனைவர் தலையையும் அன்றே பார்க்க வேண்டும்.

சீப்பில் வந்த உயிர்களை நசுக்காமல், தீயிலும் வெந்நீரிலும் இடாமல், துணியோடு எடுத்துச் சென்று நிழலில் மண்மீது உதறிவிடலாம். அவை அங்கே நெடிது வாழும் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டா. தலையை விட்டு நீங்கிய பேன் ஓரிரு நாளுக்கு மேல் உயிர்வாழாது. நம் கை அறிந்து கொல்லவில்லை என்பது உண்மை. நம் செயலால் அவற்றுக்கு முடிவு வந்தது என்பதும் உண்மை. அந்த இரண்டாம் உண்மையை மறவாதவரே, மீண்டும் பேன் பெருக இடந்தராத விழிப்போடு இருப்பர்.

சீப்பு முறையால் தீராதபோதும், தலை புண்ணாகியபோதும் மருத்துவர் கூறும் மருந்தை ஏற்றுக்கொள்ளலாம். பெர்மெத்ரின் 1 சதவீதக் கழுவல் இன்று பெரிதும் வழங்குகிறது. ஏழு முதல் ஒன்பது நாள் கழித்து மறுமுறை இடவேண்டும் என்பர். சார்ந்தோரைக் காக்கும் பொருட்டு வேறு வழியின்றி மேற்கொள்வதாதலின், அதனைக் கையாண்ட தாயைக் குறைகூறுதல் தகாது. அவரும் அதனை முதல் வழியாகக் கொள்ளாதிருத்தல் நலம்.

செய்யத் தகாதவை

மண்ணெண்ணெய் தடவுதல் கொடிது. அது தோலை வேகச் செய்யும். அடுப்பருகில் சென்றால் உயிருக்கே ஆபத்து.

சீத்தாப்பழ விதைப்பொடி நம் ஊர்களில் பேனுக்கு வழங்கும் பழைய மருந்து. அதன் சிறு துகள் கண்ணில் பட்டாலும் கருவிழியின் மேற்பரப்பைப் புண்படுத்திக் கடும் வலி தரும். அவ்வாறு நேர்ந்தால் தூய நீரால் நெடுநேரம் கழுவி, உடனே கண் மருத்துவரை நாடுக.

லிண்டேன் என்னும் காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு முன்னாளில் பேனுக்கும் சிரங்குக்கும் மிகுதியாகத் தரப்பட்டது. நரம்புகளைத் தாக்கி வலிப்பு உண்டாக்கவல்லது அது. நிலைத்து நிற்கும் நச்சுப் பொருள்களைத் தடுக்கும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் 2009-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. பழைய புட்டி வீட்டில் இருந்தால் பயன்படுத்த வேண்டா. பயிருக்கும் மாட்டுக்கும் உரிய பூச்சிமருந்துகளையும் தலையில் இடலாகாது.

கற்பூரம் கலந்த எண்ணெய் அரிப்பைச் சிறிது நேரம் மறைக்கும். ஆனால் கற்பூரத்தைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும். அதனைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தலாகாது. எலுமிச்சைச் சாறு சொறிந்த புண்ணில் எரிச்சலை மிகுவிக்கும். தேனும் முட்டையும் கலந்த பூச்சுகளைப் பத்திரிகைகள் சில பரிந்துரைக்கின்றன. அவை நமக்கு விலக்கப்பட்டவை. அவையின்றியே இந்நோய்கள் தீரும் என்பதால் நாம் இழப்பதும் ஒன்றில்லை.

தலைச்சாயம் பூசும் பெரியோர்க்கு ஒரு சொல். பல கருஞ்சாயங்களில் பாரா பினைலின் டயமின் என்னும் பொருள் உண்டு. அது சிலருக்கு ஒவ்வாது தலை அரித்து, கொப்புளித்து, முகமும் இமையும் வீங்கச் செய்யும். பூசுவதற்கு 48 மணி முன்னர்க் காதின் பின்புறத்தில் சிறிது இட்டுச் சோதித்தல் வேண்டும். முன்பு பலமுறை ஒத்துக்கொண்டது இம்முறை ஒவ்வாது போதலும் உண்டு.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

குழந்தையின் தலையில் வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்து, முறிந்த மயிர் கரும்புள்ளிபோல் தோன்றினால் அது படைநோயாக இருக்கலாம். அது தொற்றும். மேற்பூச்சு மட்டும் போதாது. சில வாரங்கள் உள்மருந்து தேவைப்படும். நெற்றியோரம் கடந்து தடித்த வெள்ளிநிறச் செதில் படர்ந்தால் அது சொரியாசிஸ் என்னும் செதிலுதிர் நோயாகலாம். சீழ், காய்ச்சல், பிடரியில் நெறிகட்டுதல், சாயத்துக்குப் பின் முகவீக்கம், நான்கு வாரம் முறையாகச் செய்தும் தீராத அரிப்பு ஆகியவற்றில் வீட்டு வைத்தியத்தோடு நில்லாமல் தோல் மருத்துவரிடம் காட்டுக.

சொறியாமை

காரணம் தீரும்வரை அரிப்பைத் தாங்குவது எப்படி? சொறியுந்தோறும் தோல் சிதைந்து, சிதைந்த தோல் மேலும் அரிக்கும். நகங்களை ஒட்ட வெட்டுக. அரிக்கும் இடத்தை விரல் நுனியால் அழுத்துக. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்க. கைகளைத் தொங்கவிட்டு அசையாது நிற்கும் காயோற்சர்கத்தில், எழும் அரிப்பு சிறிது பொறுத்தால் தானே தணிவதைப் பழகியோர் அறிவர். குழந்தைகளுக்கும் இதனை ஒரு பயிற்சியாகக் கற்பிக்கலாம். ஆனால் பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் காரணத்தை நாடாமல் விடுதல் கூடாது.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

குடும்பத்தார் கூடி அமர்ந்து பின்வருவனவற்றை விடையோடு பேசுவார்களாக.

1. பொடுகையும் ஈரையும் வேறுபடுத்தி அறிவது எவ்வாறு?
2. எண்ணெய் முழுக்குக்கும் எண்ணெய் வைத்து விட்டுவிடுதலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. சீப்பு முறையில் நான்கு நாள் இடைவெளி ஏன் கூறப்பட்டது?
4. பேனை நசுக்காதிருந்தால் மட்டும் அகிம்சை நிறைவேறுமா?
5. நம் வீட்டுப் பிள்ளைகளின் தலையைக் கடைசியாகப் பார்த்த நாள் எது?

ஐந்தாம் வினாவுக்கு உடனே விடை கூற இயலாதவர்கள், வரும் ஞாயிறு காலையில் வெளிச்சமான திண்ணையில் ஒரு வெள்ளைத் துணியோடு அமர்வார்களாக.